வெள்ளை சைக்கிளும் வீண் ஓட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1966-ல் ஆம்ஸ்டர்டாம் நகரமன்றத் தேர்தலில் 'ப்ரோவோ' என்ற அரசின்மைவாதக் குழு ஓர் இடம் பிடித்ததைப் படித்தேன். அரசே வேண்டாம் என்பவர்கள் தேர்தலில் நிற்பது முரண்பாடு இல்லையா? இந்தக் கோமாளிகளுக்குப் போட்ட ஓட்டு வீண்தானே? அரசின்மைவாதத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை விடுங்கள். புத்தகப் பட்டியல் கேட்பவர்கள் பெரும்பாலும் படிப்பதில்லை.

வீண் ஓட்டு என்கிறீர்கள். அன்று நெதர்லாந்தில் வாக்குச்சாவடிக்குப் போவது சட்டப்படி கட்டாயம். 1970-ல்தான் அது நீங்கியது. 'ப்ரோவோவுக்குப் போடு, சிரிக்கலாம்' என்பது அவர்கள் கோஷம். 13,000-க்குச் சற்று அதிகமானோர் போட்டார்கள். 45 இடங்களில் ஒன்று கிடைத்தது. போயே ஆகவேண்டிய இடத்துக்குப் போனவர்கள் சிரித்துவிட்டு வந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

ஆனால் 'கோமாளிகள்' என்றீர்களே, அதைத்தான் என்னால் சும்மா விடமுடியவில்லை. சில நாட்களாக மண்டையில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். 1965-ல் அவர்கள் சில சைக்கிள்களுக்கு வெள்ளையடித்து, பூட்டாமல் தெருவில் விட்டார்கள். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. பூட்டாத சைக்கிள் திருட்டைத் தூண்டுமாம், சட்டம் அப்படி. சரி என்று பூட்டுப் போட்டார்கள். பூட்டைத் திறக்கும் எண்ணை சைக்கிள் மேலேயே எழுதிவைத்தார்கள். இதில் யார் கோமாளி, சொல்லுங்கள்.

நகரமே ஆண்டுக்கு 20,000 வெள்ளை சைக்கிள்கள் வாங்கி விடவேண்டும், நகர மையத்தில் கார் கூடாது என்பது அவர்களுடைய திட்டம். அதை வகுத்த லூட் ஸ்கிமல்பெனிங்க் 1967-ல் அந்த நகரமன்ற நாற்காலிக்கே வந்தார். ஒரே இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். அவர் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார்: ஓர் ஆள் ஒரு கிலோமீட்டர் போக, பொதுப் போக்குவரத்துக்கு நகராட்சி கொடுப்பதில் பத்தில் ஒரு பங்குதான் வெள்ளை சைக்கிளுக்கு ஆகும். மன்றம் ஏற்கவில்லை. கோட்டும் டையுமாக வந்து காரை நம்பியவர்களை நீங்கள் அரசியல்வாதி என்கிறீர்கள், செலவைக் கணக்கிட்டுச் சொன்னவரைக் கோமாளி என்கிறீர்கள். வேடத்தைப் பார்த்துவிட்டு வரவுசெலவைப் படிக்காமல் விடுவது சோம்பல். உங்கள் முந்தைய கடிதங்களில் அந்தச் சோம்பல் இல்லை, அதனால்தான் கோபம் வருகிறது.

அப்புறம் அந்த முரண்பாடு. இருக்கிறது, யார் இல்லை என்றது? ப்ரோவோ 1967 மே மாதத்திலேயே தன்னைக் கலைத்துக்கொண்டது. நாற்காலி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் பின்னர் உட்கார்ந்த ரூல் வான் டைன் 1970-ல் 'கபவுட்டர்' என்ற குழுவாக அடுத்த கூத்தைக் கட்டினார், அதற்கு அதே நகரமன்றத்தில் ஐந்து இடங்கள். 1974-ல் அவர் வேறொரு கட்சி சார்பில் நகர நிர்வாகக் குழுவிலேயே உறுப்பினரானார். உங்கள் கேள்வியை அங்கே கொண்டுபோய்க் கேளுங்கள், நானும் கூட வருகிறேன்.