புல்மோட்டை மணலும் பாதுகாப்பு ஆய்வும்

வணக்கம் ஐயா. நிலாவெளியில் இருந்து எழுதுகிறேன். பௌதிகத்தில் பட்டம் முடிக்கப் போகிறேன். பொருள் விஞ்ஞானம் படிக்க வெளிநாட்டில் இடம் தேடினால், நல்ல ஆய்வுகூடங்கள் பலவும் ‘தேசியப் பாதுகாப்பு’ என்றே எழுதி வைத்திருக்கின்றன. “யுத்தம் பார்த்தது போதும், அந்தப் பக்கம் போகாதே” என்கிறார் அம்மா. போகலாமா?

அன்பின் தங்கச்சிக்கு,

அம்மாவின் பயம் நியாயமானது. ஆனாலும் போகலாம் என்றுதான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு.

உங்கள் ஊருக்கு வடக்கே புல்மோட்டை. அங்கே கறுப்பு மணலில் இருந்து இல்மனைட் என்ற கனிமத்தைக் காந்தத்தால் எடுத்துவிடுகிறார்கள். மிச்சத்தை உயர் மின்னழுத்த உருளையில் விட்டால், மின்னைக் கடத்தும் ரூட்டைல் என்ற கனிமம் தெறித்து விழும். கடத்தாத சிர்க்கன் என்ற கனிமம் உருளையோடு ஒட்டிக்கொண்டு சுற்றும். சிர்க்கோனியம் என்ற உலோகம் வருவது அந்தச் சிர்க்கனில் இருந்துதான்.

அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக்கு அணு உலை செய்யத் தொடங்கியபோது, எரிபொருளை மூட ஓர் உலோகம் தேடியது. அது சுடுநீரில் அரிபடக் கூடாது, அணுவைப் பிளந்து உலையை ஓட்டும் துகளான நியூத்திரனையும் விழுங்கக் கூடாது. சிர்க்கோனியம் முதலில் தேறவில்லை. அதோடு இரட்டைப் பிள்ளைபோல ஒட்டிவரும் ஹாஃப்னியம் என்ற உலோகம்தான் காரணம். 1 முதல் 3 வீதம்தான் இருக்கும், ஆனால் நியூத்திரனைப் பல நூறு மடங்கு விழுங்கும். இரசாயனக் குணம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் பிரிப்பது பெரும்பாடு. எப்படியோ பிரித்தார்கள். 1955 ஜனவரியில் நோட்டிலஸ் என்ற அந்த நீர்மூழ்கி அணுசக்தியில் ஓடியது. கழித்த ஹாஃப்னியமே, நியூத்திரனை விழுங்கி உலையை அடக்கும் அதன் கட்டுப்பாட்டுக் கோல்களானது. அந்த அறிவு வெளியே வந்ததால்தான் மின் நிலையங்களுக்கும் பயன்பட்டது. கூடங்குளத்தின் எரிபொருள் குழாய்களும் சிர்க்கோனியக் கலவைதான்.

என் நிபந்தனையும் அதுதான். பேராசிரியருக்கு எழுதும்போதே கேளுங்கள்: என் ஆய்வேட்டை முழுதாக வெளியிடலாமா? பணம் யார் தருகிறார்கள், எதற்கு? மழுப்பினால் விட்டுவிடுங்கள். எப்படியும் அமெரிக்காவில் இரகசிய ஆய்வுக்குப் பெரும்பாலும் சொந்தக் குடிமக்களைத்தான் எடுப்பார்கள்.

அப்புறம், அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். 1990களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் திமோதி ஸ்வாகர் என்ற இரசாயனவியலாளர் ஒளிரும் பொலிமர் ஒன்றைச் செய்தார். டி.என்.டி. என்ற வெடிமருந்தின் ஆவி பட்டால் அதன் ஒளி மங்கும். புதைத்த கண்ணிவெடியை மோப்பம் பிடிக்கும் கருவிக்கு அது உதவியது. பணம் தந்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. கண்ணிவெடி அகற்றும் வரை காணிக்குத் திரும்ப முடியாமல் காத்திருந்த சனம் எங்களுடையது. இப்படியான வேலைக்கு எங்கள் பிள்ளைகள் போகத்தான் வேண்டும்.

நீங்கள் பார்த்துவைத்த ஆய்வுகூடங்களின் பெயர்களை அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.