9,000 மணி நேரம் பறந்தவரை ஏன் கூப்பிடவில்லை?

கேள்வி: நீண்ட தூரம் போகும் பெரிய விமானத்தில் கேப்டனாக இருந்தேன், கணக்கில் 9,000 மணி நேரம் இருக்கிறது. கம்பெனியை மூடிவிட்டார்கள். ஏடிஆர் 72 என்ற, குறைந்த தூரம் போகும் சிறிய ப்ரொபெல்லர் விமானத்தை ஓட்டும் நிறுவனங்களில் துணை விமானி வேலைக்குக்கூட விண்ணப்பித்துவிட்டேன், ஒருவரும் கூப்பிடவில்லை. அனுபவம் கூடிப்போனதுதான் காரணமா? மணி நேரத்தைக் குறைத்துப் போடச் சொல்கிறார் நண்பர்.

பதில்: முதலில், நண்பர் சொன்னதைச் செய்யவே செய்யாதீர்கள். பறந்த மணி நேரத்தைப் பதியும் லாக்புக் சட்டப்படியான ஆவணம், அதில் இருப்பதும் விண்ணப்பத்தில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்றால் பிறகு எந்த நிறுவனமும் உங்களை நம்பாது.

அனுபவம் தடையாகுமா என்றால், ஆமாம், சில நேரம் ஆகும். உங்களை எடுத்தால் ஏடிஆருக்கான டைப் ரேட்டிங் (அந்த வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி), சிமுலேட்டர், அப்புறம் பயணிகளோடு பறக்கும் லைன் ட்ரெய்னிங் என்று மாதக்கணக்கில் செலவழிக்க வேண்டும். அதெல்லாம் முடிந்த கையோடு பெரிய விமானத்துக்கு அழைப்பு வந்தால் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள் என்றுதான் அவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு தயக்கம் காக்பிட்டுக்குள் இருக்கிறது. இத்தனை வருடம் இடப்பக்கம் உட்கார்ந்து முடிவெடுத்தவர், தன்னைவிடப் பாதி அனுபவம் உள்ள கேப்டனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து துணையாக இருப்பாரா? கைகூட மாறுகிறது பாருங்கள், இடக்கையில் பிடித்த கன்ட்ரோலை வலக்கையில் பிடித்து, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பவர் லீவரை இடக்கையால் தள்ள வேண்டும். நீண்ட தூர விமானத்தில் மாதத்துக்குச் சில தரையிறக்கங்கள்தான் உங்கள் கைக்கு வந்திருக்கும், ஏடிஆரில் ஒரே நாளில் நான்கைந்து முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

ஆனால் என் கணிப்பில் உங்களைப் பிடித்து இழுப்பது அனுபவம் அல்ல, இடைவெளி. பயணிகளோடு பறக்க, கடைசி 90 நாளில் 3 முறை மேலேறித் தரையிறங்கியிருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. நீங்கள் கடைசியாகப் பறந்து எத்தனை மாதம் ஆகிறது என்று எழுதவில்லையே! இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதி) மருத்துவச் சான்றும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏதாவது ஒரு சிமுலேட்டரில் கையைப் பழக்கத்தில் வைத்திருங்கள்.

விண்ணப்பக் கடிதத்தின் முதல் வரியிலேயே, வலப்பக்க இருக்கை தெரிந்துதான் கேட்கிறேன், இத்தனை வருடம் விலக மாட்டேன் என்ற பாண்டில் (ஒப்பந்தப் பத்திரத்தில்) கையெழுத்துப் போடத் தயார் என்று எழுதுங்கள். எத்தனை வருடம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், உண்மையில் இருக்க முடிகிற வருடத்தை மட்டும்.