ஓவியங்களைக் கப்பலில் அனுப்பலாமா?

கேள்வி: கண்காட்சிகளுக்காக அருங்காட்சியகங்கள் ஓவியங்களையும் சிலைகளையும் விமானத்தில் அனுப்புகின்றன. சுற்றுச்சூழலைக் கருதி அவற்றைக் கப்பலில் அனுப்பக் கூடாதா? பத்திரமாகப் போய்ச் சேருமா?
– கல்லூரி மாணவி, திருச்சி.

பதில்: அனுப்பலாம், முன்பே அனுப்பியும் இருக்கிறார்கள். லியனார்டோ டாவின்சியின் மோனாலிசா 1962 டிசம்பரில் லெ ஹாவ்ர் துறைமுகத்திலிருந்து ‘பிரான்ஸ்’ என்ற பயணிகள் கப்பலில், தனி அறையில், நியூயார்க் சென்றது. அது துணியில் வரைந்த ஓவியம் அன்று, பாப்லர் மரப்பலகையில் தீட்டியது. காற்றில் ஈரம் கூடினால் பலகை உப்பும், குறைந்தால் சுருங்கும், அந்த அசைவில் மேலுள்ள வண்ணம் வெடித்துப் பெயரும். அத்தகைய ஓவியமே அட்லாண்டிக்கைக் கடந்து, மறுமாதம் வாஷிங்டனில் மக்கள் பார்வைக்கு வந்தது. மைக்கலாஞ்சலோவின் ‘பியெட்டா’ பளிங்குச் சிலையும் 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்குக் கப்பலில்தான் போனது.

ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் தூரம் கொண்டுசெல்ல விமானம் வெளியிடும் கரியமில வாயு, சரக்குக் கப்பல் வெளியிடுவதைவிட 30 மடங்குக்கும் அதிகம். 2020இல் லண்டனில் தொடங்கப்பட்ட ‘கேலரி கிளைமேட் கோலிஷன்’ என்ற அமைப்பு, 2030க்குள் கலைத்துறையின் வெளியேற்றத்தைப் பாதியாகவாவது குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்து, கடல்வழிப் போக்குவரத்தை வலியுறுத்தி வருகிறது. இருந்தும் விமானமே வழக்கமாக இருப்பதற்குக் காப்பீட்டாளர்களின் தயக்கமும் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் அவசரம் என்றே நான் கருதுகிறேன். கண்காட்சியை ஓராண்டுக்கு முன்பே முடிவு செய்துவிட்டு, அனுப்பும் ஏற்பாட்டை மட்டும் கடைசி வாரங்களுக்குத் தள்ளிவைத்தால், கப்பலுக்கு நாள் எங்கே மிஞ்சும்?

பெட்டியையும் கவனிக்க வேண்டும். ஒரே ஓர் ஓவியத்தின் அளவுக்கென்று மரப்பெட்டி செய்து, உள்ளே கெட்டியான நுரைப்பஞ்சைச் சட்டத்தின் வடிவத்துக்கு வெட்டிப் பொருத்தி, ஈரம் புகாதபடி மூடியின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டுகிறார்கள். போய்ச் சேர்ந்ததும் அதை உடனே திறப்பதில்லை. உள்ளிருக்கும் குளிரும் வெப்பமும் அறையோடு ஒத்துவர ஒரு நாள் முழுக்க மூடியே வைக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டுச் செய்த பெட்டி, கண்காட்சி முடிந்ததும் பெரும்பாலும் குப்பைக்குப் போவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. உள்ளே பிடிமானங்களை நகர்த்தி வெவ்வேறு அளவு ஓவியங்களைப் பொருத்தக்கூடிய, வாடகைக்கு எடுத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய பெட்டிகள் ஐரோப்பாவில் புழக்கத்தில் உள்ளன.

ஓவியத்துக்குத் துணையாகக் கூடவே பறந்துசெல்லும் அருங்காட்சியக அலுவலருக்குப் பதிலாக, பெட்டியைப் பிரிப்பதைக் கேமரா வழியே மேற்பார்வையிடும் முறை கொரோனா காலத்தில் பரவி, இன்றும் பல இடங்களில் தொடர்கிறது.

கப்பலில் அனுப்புவது எல்லாப் படைப்புக்கும் பொருந்தாது. சுண்ணக்கட்டி போன்ற வண்ணக்குச்சிகளால் தீட்டும் பாஸ்டல் ஓவியத்தில் வண்ணம் பொடியாகவே தாளில் ஒட்டிக்கொண்டிருப்பதால், எந்த வாகனத்தின் அதிர்விலும் அது உதிரக்கூடும். அதை இருக்கும் இடத்திலேயே விட்டுவைப்பதுதான் நல்லது.