பிள்ளைக்கான ஜீவனாம்சம்: கணக்கு எப்படி?

குடும்பநல நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறவள் என்பதால், பிரிந்து வாழும் பெற்றோர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கணவருக்குக் கையில் வரும் சம்பளம் 60,000. அதில் 25 சதவீதம் சட்டப்படி கிடைக்குமாமே?

அப்படி எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை அம்மா. 2017-ல் ஒரு வழக்கில், கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்குத் தருவது நியாயம் என்றது உச்ச நீதிமன்றம். அதையே ஊரெல்லாம் சூத்திரமாக்கிவிட்டது. பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது, இருவருக்கும் என்ன வருமானம், பிரிவதற்கு முன் பிள்ளை எப்படி வளர்ந்தது என்று பார்த்துத்தான் நீதிபதி தொகையை முடிவு செய்வார். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கின் 2020 தீர்ப்புக்குப் பிறகு, இருவருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டியாக வேண்டும்.

அதனால் இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். ஸ்கூல் ஃபீஸ், வேன், டியூஷன், பால், மருந்து, தீபாவளித் துணி, வீட்டு வாடகையில் பிள்ளையின் பங்கு எல்லாவற்றையும் எழுதி, ரசீதையும் சேர்த்து வையுங்கள். "மாதம் 20,000 வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்ட மனுவைவிட, இப்படி வரி வரியாகக் காட்டிய மனுவுக்கே பலம் அதிகம்.

கேள்வி: பெர்சனல் லோன், பைக் லோன் போக எனக்கு 18,000தான் மிஞ்சுகிறது. அதை வைத்துத்தானே கணக்கு?

இல்லை தம்பி. வருமான வரி, பி.எஃப். போன்ற கட்டாயப் பிடித்தங்களைக் கழிப்பார்கள். நீங்களாக வாங்கிய கடனின் தவணையைப் பொதுவாகக் கழிக்க மாட்டார்கள். உங்கள் பிள்ளையின் பசி அந்தத் தவணைக்குப் பின்னால் வரிசையில் நிற்கக் கூடாது.

கேள்வி: நானும் 30,000 சம்பாதிக்கிறேன். அவருக்கு 60,000. கேட்கலாமா?

தாராளமாக. படிப்புச் செலவை வருமான விகிதப்படி பிரிக்கலாம் என்று அதே 2020 தீர்ப்பு சொல்கிறது. படிப்புக்கு மாதம் 9,000 என்றால் அவர் 6,000, நீங்கள் 3,000 என்று வாதாடலாம்.

கேள்வி: வழக்கு போட்டதும் கணவர் வேலையை விட்டுவிட்டார்.

உடலில் தெம்பிருந்தால் கூலி வேலை செய்தாவது காப்பாற்ற வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அவருடைய படிப்பு, பழைய சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரங்களைக் கேட்டு வாங்கும்படி உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பரஸ்பர விவாகரத்தில் "குழந்தைக்கு எதுவும் வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அது உங்கள் உரிமை அல்ல, பிள்ளையின் உரிமை. நீங்கள் விட்டுக்கொடுத்தாலும் அது போகாது. பிள்ளையின் பெயரில் மனு போடுங்கள். பொதுவாக மனு தேதியிலிருந்தே தொகை கணக்காகும்.

கேள்வி: உத்தரவு இருந்தும் எட்டு மாதமாகப் பணம் வரவில்லை.

ஜீவனாம்சத்துக்கு முன்பு இருந்தது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 125; 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்திருப்பது புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 144. பாக்கியை வசூலிக்க வாரன்ட் கேட்கலாம். அப்படியும் கட்டாவிட்டால் ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. ஆனால் தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். முதல் மாத பாக்கிக்கு உங்களுக்கு இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது சகோதரி, இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.