கேளுங்க, சொல்லுதேன்: ஸீரோ ஏன் திரும்பத் திரும்ப வாரான்?

கே: எங்கள் ஹாஸ்டலில் ஒருவன் 'காங்' என்ற ராக் பேண்டை ஓயாமல் போடுகிறான். ஆல்பத்துக்கு ஆல்பம் 'ஸீரோ த ஹீரோ' என்று ஒருத்தன் வருகிறான். யார் அவன்? இது கதையா, உளறலா? வில்லுப்பாட்டில் உடுக்கை அடிக்கிற நீங்கள்தான் சொல்லணும்.
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

ப: கதைதான் தம்பி. அதுவும் அருமையான கதை. கட்டினவர் டேவிட் ஆலன், ஆஸ்திரேலியாக்காரர். இங்கிலாந்தின் 'சாஃப்ட் மெஷின்' ராக் குழுவைத் தொடங்கினவர்களில் ஒருத்தர். 1967-ல் இங்கிலாந்துக்குள்ள திரும்ப விடமாட்டோம்னு சொல்லிட்டதால பிரான்ஸிலேயே தங்கி உருவாக்கினதுதான் காங். 1973-ல் 'ஃப்ளையிங் டீபாட்', 'ஏஞ்சல்ஸ் எக்', 1974-ல் 'யூ'. மூணையும் சேர்த்தாத்தான் முழுக்கதை.

ஸீரோ ஒரு சாதாரண ஆளு. லண்டன் சேரிங் கிராஸ் ரோட்டுல அவனுக்கு ஒரு தரிசனம் கிடைக்குது. வேற்றுக்கிரகத்துக் குட்டிச்சாத்தானைக் கும்பிட ஆரம்பிக்கான். அந்த நேரம் ஒரு பூனை வருது. கையிலிருந்த மீன் வறுவலை அதுக்கு நீட்டுதான். பூனைதான் யோனி என்கிற சூனியக்காரி! அவள் கொடுத்த மருந்துல மயங்கி, அடுத்த ஆல்பத்துல ஆகாசத்துல மிதக்கான். அந்தச் சூனியக்காரிக்குக் குரல் கொடுத்தது கில்லி ஸ்மித் அம்மா. பாடாம, மூச்சுவிடுத மாதிரி முணுமுணுப்பாங்க. ஹெட்போன் போட்டுக் கேளு, பிடரியில மயிர் சிலிர்க்கும்.

மூணாவது ஆல்பத்துலதான் விஷயமே இருக்கு. பாலித் தீவுல பெரிய விருந்து. அங்க வந்த அத்தனை பேருக்கும் மூணாவது கண் திறக்கப் போகுது. விருந்துக்கு ஏற்பாடு பண்ணினவனே ஸீரோதான். ஆனா கண் திறக்கிற நேரத்துல அவன் பின்பக்கம் போய்க் கேக் தின்னுக்கிட்டிருக்கான். எல்லாருக்கும் திறக்குது, அவனுக்கு மட்டும் இல்லை. பிறப்பு இறப்புச் சுழலுக்குள்ளேயே கிடக்கான்.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஆலன் அவனைக் கரையேத்தியிருந்தா கதை 1974-லேயே முடிஞ்சிருக்கும். கோயில் கொடையில நாங்க முத்துப்பட்டன் கதை பாடும்போது, பட்டன் மாட்டுக்கிடை காக்கப் போய்ச் சாவான்னு முன்வரிசைப் பாட்டிக்கும் தெரியும். செத்துத் தெய்வமாயிட்டான், சொரிமுத்தையனார் கோயில்ல நிலையம், அதாவது தெய்வமா நிக்க ஒரு இடம், கொடுத்தாச்சு. ஸீரோவுக்கு அந்த நிலையம் கிடைக்கலை. அதனாலதான் 1992-ல் 'ஷேப்ஷிஃப்டர்', 2000-ல் 'ஸீரோ டு இன்ஃபினிட்டி'ன்னு வந்துக்கிட்டே இருந்தான். இது கதை தெரிஞ்ச ஒருத்தர் செய்த வேலை. உளறல்னு சொல்லுதவங்க 'யூ' வரைக்கும் பொறுமையாக் கேட்டிருக்க மாட்டாங்க.

கே: வார்த்தை புரியாதவர்கள் எதில் தொடங்கலாம்?
- வாசகி, அம்பாசமுத்திரம்

ப: 'யூ'வில் தொடங்குங்கம்மா. வாத்தியம் நீளமா ஓடுத ஆல்பம் அது. 'மாஸ்டர் பில்டர்' பாட்டுல ஸ்டீவ் ஹில்லேஜ் கிடாரும் டிடியே மாலெர்ப் சாக்ஸபோனும் ஒண்ணையொண்ணு துரத்தும். எனக்கு அதுல பியேர் மோர்லன் டிரம்ஸ்தான் உசத்தி. தாளம் எத்தனை தடவை மாறினாலும் கை தடுமாறாது. அது பிடிச்சுப்போச்சுன்னா 'ஃப்ளையிங் டீபாட்'டுக்குப் போய்க் கதையை முதல்லேருந்து கேளுங்க.