வீட்டு இன்டர்நெட், டேட்டா லிமிட், எகிறும் பில்: அமெரிக்கவாசிகளின் கேள்விகளுக்குப் பதில்

தொகையும் லிமிட்டும் பிளானுக்குப் பிளான், ஊருக்கு ஊர் மாறும். உங்கள் பில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி (அட்லாண்டா): அண்ணா, எங்கள் பிளானில் மாதம் 1.2 டெராபைட் (1,200 ஜிபி) லிமிட். தாண்டினால் 50 ஜிபிக்கு 10 டாலர். இதுவரை பாதியைக்கூடத் தொட்டதில்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்ததும் போன மாதம் 1,650 ஜிபி ஓடி, 90 டாலர் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். யாராவது வைஃபையைத் திருடுகிறார்களா?

பதில்: திருட்டெல்லாம் இல்லை, டிவிதான். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படியே ஹெச்டிக்கு மணிக்கு 3 ஜிபி வரை, 4கேக்கு 7 ஜிபி வரை. தமிழ் சேனல் ஆப்பையும் ஹெச்டி கணக்கிலேயே வையுங்கள். காலையில் பக்திப் பாடலில் ஆரம்பித்து ராத்திரி கடைசி சீரியல் வரை 14 மணி நேரம் என்றால் நாளைக்கு 42 ஜிபி, 30 நாளில் 1,260. லிமிட் அதிலேயே முடிந்துவிட்டது. நீங்கள் வழக்கமாகச் செலவழிப்பது அதற்கு மேல்.

டிவி ரிமோட்டில் பவரை அமுக்கினால் சில வீடுகளில் திரை மட்டும்தான் அணைகிறது. பின்னால் சொருகியிருக்கும் பாக்ஸ் விடிய விடிய லைவ் சேனலை இழுத்துக்கொண்டிருக்கும். ஹோம் பட்டனை அழுத்திவிட்டு அணைக்கச் சொல்லுங்கள். டிவியில் சொருகும் அமேசான் ஃபயர் ஸ்டிக்கில் 'டேட்டா மானிட்டரிங்' என்று ஒரு செட்டிங் உண்டு. அதை ஆன் செய்தால் எந்த ஆப் எவ்வளவு தின்கிறது என்று தெரியும்.

பெரியவர்களிடம் டிவி பார்க்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ரவுட்டரில் சாதனவாரியாக வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதி இருந்தால் அந்த டிவிக்கு மட்டும் 3 எம்பிபிஎஸ் வையுங்கள். ஆப் தானாகவே தரத்தைக் குறைத்துக்கொள்ளும். அதிகபட்சம் மணிக்கு 1.35 ஜிபிதான் போக முடியும், அதே 14 மணி நேரத்துக்கு மாதம் சுமார் 570 ஜிபி. சீரியல் பார்க்க இது தாராளம்.

அன்லிமிடெட் வாங்கலாமா என்பது தனிக் கணக்கு. அதற்கு மாதம் 30 டாலர் கேட்கிறார்கள் என்றால், 150 ஜிபிக்கு மேல் தாண்டும் மாதங்களில்தான் லாபம். அப்பா அம்மா ஊர் திரும்பியதும் ரத்து செய்ய மறக்காதீர்கள். கேபிள் கம்பெனியான காம்காஸ்ட் 2025 ஜூனில் கொண்டுவந்த புதிய பிளான்களில் அன்லிமிடெட் சேர்ந்தே வருகிறது. ஆனால் பழைய பிளானில் இருப்பவர்கள் தாங்களாக மாறினால்தான் உண்டு. மாறும் முன் சலுகை முடிந்தபின் என்ன விலை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (பீனிக்ஸ்): கம்பெனி மீட்டர் 1,400 ஜிபி என்கிறது, என் ரவுட்டர் 900 என்கிறது. எதை நம்புவது?

பதில்: முதலில் அலகைச் சரிபாருங்கள். பல ரவுட்டர்கள் 1,024-இன் மடங்கில் எண்ணும். அந்த 900, கம்பெனி எண்ணும் 1,000 மடங்கில் 966. ரவுட்டர் நடுவில் ரீஸ்டார்ட் ஆகியிருந்தால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும். மாதம் தொடங்கும் தேதியும் இரண்டுக்கும் வேறாக இருக்கலாம்.

அப்படியும் 400 ஜிபி இடிக்கிறதென்றால் மோடத்தின் மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு சாதனத்துக்கும் இருக்கும் தனி அடையாள எண்ணைப் பாருங்கள். கம்பெனி உங்கள் வீட்டை அளப்பதில்லை, தன் பக்கத்தில் இருந்துகொண்டு மோடத்தின் மேக் முகவரியை வைத்து அளக்கிறது. கணக்கில் ஒரு எழுத்து தப்பாக ஏறியிருந்தாலோ, நீங்கள் எப்போதோ திருப்பிக் கொடுத்த மோடம் இன்னும் கழற்றப்படாமல் இருந்தாலோ, வேறு யாரோ ஓட்டுவது உங்கள் தலையில் விழும். மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் கேபிள் மேக் இருக்கும். வாடிக்கையாளர் சேவையை அழைத்து, அவர்கள் திரையில் இருப்பதை அவர்களையே எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள், நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

வார இறுதியில் வெளியூர் போகும்போது மோடத்தின் பவரைப் பிடுங்கிவிட்டு, கம்பெனி தளத்தில் இருக்கும் மீட்டர் பக்கத்தைத் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மீட்டர் கொஞ்சம் தாமதமாகத்தான் புதுப்பிக்கப்படும், ஆகவே முதல் நாளை விட்டுவிடுங்கள். இரண்டாம் நாளும் எண் ஏறினால் வாதமே தேவையில்லை.

கேள்வி (சவானா): அப்லோடும் லிமிட்டில் சேருமா? வீட்டைச் சுற்றி நான்கு கேமரா வைத்திருக்கிறோம்.

பதில்: சேரும். 24 மணி நேரமும் கிளவுடுக்குப் பதிவாகும் கேமரா 2 எம்பிபிஎஸ் எடுத்தால் நாளைக்கு 21.6 ஜிபி, மாதம் 648 ஜிபி. ஒரு கேமராவுக்கு. 1.2 டெராபைட் லிமிட் என்றால் இரண்டே கேமராவில் காலி. அசைவு இருந்தால் மட்டும் பதிவாகும்படி மாற்றுங்கள், அல்லது வீட்டுக்குள்ளேயே மெமரி கார்டிலோ ரெக்கார்டரிலோ சேமியுங்கள்.

கேள்வி: விபிஎன் போட்டால் கம்பெனிக்குத் தெரியாதே, அப்போது லிமிட்டில் கழியாதுதானே?

பதில்: என்ன பார்க்கிறீர்கள் என்பதுதான் மறையும். எவ்வளவு என்பது மறையாது. விபிஎன் டேட்டாவை இன்னொரு உறைக்குள் பூட்டி அனுப்புவதால் இன்னும் கொஞ்சம் கூடவே ஓடும்.

கேள்வி (ஹூஸ்டன்): 500 எம்பிபிஎஸ் பிளான். மதியம் மீட்டிங் நடுவில் அடிக்கடி அறுந்துபோகிறது, தானாக வருகிறது. டெக்னீஷியனை அழைத்தால் வீட்டுக்குள் பிரச்சனை என்று 100 டாலர் போட்டுவிடுவார்களோ என்று பயம்.

பதில்: அழைக்கும் முன் அரை மணி நேரம் செலவழியுங்கள். லேப்டாப்பை ஈதர்நெட் கேபிளில் நேராக இணைத்துப் பாருங்கள். கேபிளில் அறுபடவில்லை என்றால் அது வைஃபை பிரச்சனை, கம்பெனியை விட்டுவிடலாம்.

அறுபட்டால் பிரவுசரில் 192.168.100.1 என்று போடுங்கள். பெரும்பாலான கேபிள் மோடங்களின் நிலவரப் பக்கம் அதில் திறக்கும். டவுன்ஸ்ட்ரீம் பவர் (உங்கள் வீட்டுக்கு வரும் சிக்னலின் பலம்) மைனஸ் 7-க்கும் பிளஸ் 7-க்கும் நடுவில் இருக்க வேண்டும். சிக்னல்-இரைச்சல் விகிதம் 35 டெசிபலுக்கு மேல் இருந்தால் நிம்மதி, 33-க்குக் கீழே போனால் தொல்லை. அப்ஸ்ட்ரீம் பவர் (மோடம் திருப்பி அனுப்பும் சிக்னலின் பலம்) 35 முதல் 49 வரை சரி. 50-ஐத் தாண்டிக்கொண்டே போனால் மோடம் தொண்டை கிழியக் கத்தியும் மறுமுனைக்குக் கேட்கவில்லை என்று பொருள். மோடத்தின் ஈவென்ட் லாகில் (நிகழ்வுப் பதிவில்) டி3, டி4 டைம்அவுட் வரிசையாக இருந்தால் மோடத்துக்கும் மறுமுனைக்கும் நடுவில் பேச்சு அறுபடுகிறது என்று பொருள்.

பல வீடுகளில் குற்றவாளி, ஒரு கேபிளைப் பலவாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர். முன்பு குடியிருந்தவர்கள் ஒவ்வொரு அறைக்கும் டிவி இழுத்த காலத்தில் மாட்டியது அப்படியே கிடக்கும். இரண்டு வழி ஸ்பிளிட்டர் ஒவ்வொரு பக்கமும் சுமார் 3.5 டெசிபலைச் சாப்பிடும், நான்கு வழி சுமார் 7. போகிற திசையிலும் அதே இழப்பு, ஆகவே மோடம் அந்த அளவுக்குச் சத்தத்தைக் கூட்டியாக வேண்டும். டிவி கேபிளில் ஓடவில்லை என்றால் ஸ்பிளிட்டரைக் கழற்றி, இரண்டு கேபிளையும் ஒரு பேரல் கனெக்டரால் நேராக இணையுங்கள். எல்லா முனைகளையும் கையால் இறுக்கியபின் 7/16 அங்குல ஸ்பேனரால் ஒரு சின்னத் திருகு. பச்சை பிடித்த முனை இருந்தால் மாற்றிவிடுங்கள். மதியம் மட்டும் அறுபடுவதைப் பார்த்தால் வெளிச்சுவரில் இருக்கும் கனெக்டர் வெயிலில் விரிந்து தளர்கிறது என்று சந்தேகப்படலாம். டெக்சாஸ் வெயிலுக்கு இது புதிதல்ல.

இதற்குப் பிறகும் எண்கள் மோசமென்றால், வெளியே கேபிள் வீட்டுக்குள் நுழையும் கிரவுண்ட் பிளாக்கிலேயே மோடத்தை மாட்டி அதே பக்கத்தைப் படமெடுங்கள். அங்கும் மோசமென்றால் கோளாறு அவர்கள் லைனில். அந்தப் படத்தைக் காட்டினால் 100 டாலர் பேச்சு எழாது.

கேள்வி (டென்வர்): சொந்த மோடம் வாங்கி, பழையதைத் திருப்பிக் கொடுத்தும் மாத வாடகை வருகிறது.

பதில்: கம்பெனி தான் கொடுக்காத சாதனத்துக்கு வாடகை வாங்கக்கூடாது என்று 2019-இல் நிறைவேறிய சட்டமே இருக்கிறது, 2020 டிசம்பரில் அமலுக்கு வந்தது. திருப்பிக் கொடுத்த ரசீதில் சீரியல் நம்பர் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாத ரசீது வெறும் காகிதம்.

கேள்வி: லிமிட் இல்லாவிட்டால் நெட்வொர்க் தாங்காது என்கிறார்களே?

பதில்: 2020 மார்ச்சில் ஊரே வீட்டில் அடைந்தபோது காம்காஸ்ட் உட்படப் பல கம்பெனிகள் லிமிட்டை மாதக்கணக்கில் தூக்கி வைத்தன. நெட்வொர்க் தாங்கியது. நெரிசல் என்பது ராத்திரி எட்டு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் இழுப்பதால் வருவது. அதிகாலை மூன்று மணிக்கு நீங்கள் இறக்கும் கேம் அப்டேட் யாரையும் இடிப்பதில்லை, ஆனால் மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். இது விலை நிர்ணயம், பொறியியல் அல்ல என்பதே என் கருத்து. சார்ட்டர் கம்பெனியின் ஸ்பெக்ட்ரம் இணையச் சேவையும் கேபிளில்தான் ஓடுகிறது, ஆனால் லிமிட் வைக்கவில்லை.

கேள்வி: கஸ்டமர் கேரில் பேசிப் பேசி வாய் வலிக்கிறது. வேறு வழி?

பதில்: தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்சிசியின் தளத்தில் முறைசாராப் புகார் பதியலாம், கட்டணம் இல்லை. புகாரை அவர்கள் கம்பெனிக்கு அனுப்புவார்கள், 30 நாளுக்குள் கம்பெனி எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். வழக்கமாக கஸ்டமர் கேர் வரிசை இல்லாத வேறொரு குழுவிலிருந்து உங்களுக்கு போன் வரும். கோபத்தை எழுதாதீர்கள். கணக்கு எண், தேதிகள், ஸ்கிரீன்ஷாட், கடைசியில் 'இன்ன தொகையை இன்ன மாத பில்லில் திருப்ப வேண்டும்' என்று ஒரே ஒரு கோரிக்கை. கோரிக்கை இல்லாத புகாருக்கு மன்னிப்புக் கடிதம்தான் வரும்.

கேள்வி: அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். என்ன பார்த்து எடுக்க?

பதில்: எஃப்சிசியின் பிராட்பேண்ட் வரைபடத்தில் புது முகவரியைப் போட்டு ஃபைபர் இருக்கிறதா பாருங்கள். லீஸில் கையெழுத்துப் போடும் முன் பாருங்கள். 2024-லிருந்து ஒவ்வொரு பிளானுக்கும் உணவுப் பொட்டலத்தில் இருப்பது போன்ற ஒரு லேபிள் கட்டாயம். அதில் மாத விலையை விட்டுவிட்டு மூன்று வரிகளைப் படியுங்கள்: மாத விலையோடு சேர்ந்துள்ள டேட்டா, தாண்டினால் கட்டணம், சாதாரண அப்லோட் வேகம். 5ஜி வீட்டு இணைப்பு எடுத்தால் லிமிட் இல்லை என்ற வரிக்குக் கீழே உள்ள பொடி எழுத்தையும் பாருங்கள். டி-மொபைலில் 1.2 டெராபைட் தாண்டினால் காசு கேட்க மாட்டார்கள், நெரிசல் நேரத்தில் உங்களை வரிசையில் பின்னுக்குத் தள்ளுவார்கள்.