ஒழுங்கை வெள்ளமும் எம்.பி.யின் கடிதமும்: யாரிடம் மனுக் கொடுப்பது?

கேள்வி: வலிகாமத்தில் எங்கள் ஒழுங்கையில் 14 வீடுகள். ஒவ்வொரு கார்த்திகையும் முழங்காலளவு வெள்ளம் நிற்கிறது. மக்கள் சந்திப்பில் பாராளுமன்ற உறுப்பினரிடம் இரண்டு தரம் மனுக் கொடுத்தோம். வாங்கும்போது எடுத்த படம் அவருடைய முகநூலில் வந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. இப்போது ஒருவர் தான் எம்.பி.யின் ஆள் என்றும், 15,000 ரூபா தந்தால் ஃபைலை நகர்த்தித் தருவதாகவும் சொல்கிறார். முந்தி மாகாண சபை உறுப்பினர் வந்து பார்ப்பார், அவரும் இப்போது இல்லை. கொடுக்கலாமா? யாரிடம் போவது?
(வாசகி ஒருவர்)

பதில்: ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். முற்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் மீதியைக் கொடுக்க வேண்டாம். உங்கள் ஒழுங்கைக்கான கோப்பு எம்.பி.யின் அலுவலகத்தில் இல்லை. இல்லாத கோப்பை எவராலும் நகர்த்த முடியாது.

மக்கள் சந்திப்பில் கொடுத்த மனுவுக்கு வழமையாக நடப்பது இதுதான். மனுக்கட்டு செயலாளரிடம் போகும். அவர் எம்.பி.யின் கடிதத்தலைப்பில் ‘ஆவன செய்யவும்’ என்று ஒரு வரி எழுதி, உங்கள் மனுவைப் பின்னால் குத்தி, பிரதேச சபைக்கோ பிரதேச செயலகத்துக்கோ அனுப்புவார். அங்கே அது அன்றைய தபாலில் ஒன்று. உங்கள் மனுவில் ‘எமது ஒழுங்கை’ என்று மட்டும் இருந்தால், தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு எந்த ஒழுங்கை என்றே தெரியாது. நேரே கொண்டுபோனால் அன்றைக்கே பதிவாகியிருக்கும் கடிதம், சுற்றிச் சுற்றி மாதங்கள் கழித்து அதே மேசைக்கு வருகிறது. படம் எடுத்தது பற்றுச்சீட்டு ஆகாது.

ஆகவே முதலில் அறிய வேண்டியது ஒழுங்கை யாருடையது என்பதே. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையவை. ஏ9, ஏ32 இதில் அடங்கும். சீ, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. மிச்சமுள்ள உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பொதுவாக உள்ளூராட்சி சபையின் பொறுப்பு. யாழ்ப்பாண மாவட்டத்தில் இப்படி 17 சபைகள்: ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள். உங்கள் சபையின் வேலைப் பகுதிக்குப் போய், ‘இந்த ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா’ என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கான பதிலில்தான் மற்ற எல்லாம் தங்கியிருக்கிறது.

மாகாண சபை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் 38 உறுப்பினர்கள் வந்தார்கள். அவர்களின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன்பின் தேர்தல் வைக்கப்படவில்லை. திணைக்களங்கள் ஆளுநரின் கீழ் இயங்குகின்றன. ஆனால் ‘ஏன் செய்யவில்லை’ என்று உங்களுக்காகக் கேட்கப் பதவியில் ஒருவரும் இல்லை. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே 6 தேர்தல் வரை உறுப்பினர் இல்லாமலே ஓடின. மக்கள் பிரதிநிதிகளின் கதிரைகளை வருடக்கணக்கில் வெறுமையாக விட்டுவிட்டு, சனம் ஏன் தரகரிடம் போகிறது என்று கேட்பதில் நியாயமில்லை. உங்களுக்கு இதில் ஒரு காரியம் உண்டு: அந்த இரண்டு வருட இடைவெளியில் சபைக்குக் கொடுத்த மனுக்களைச் செத்தவையாகக் கருதி, இப்போதைய வட்டார உறுப்பினரின் பெயருக்கும் தவிசாளரின் பெயருக்கும் புதிதாக எழுதுங்கள்.

மனு ஒரு பக்கம் போதும். தொடக்கத்தில் கிராம அலுவலர் பிரிவின் இலக்கம் (யா/ என்று தொடங்குவது), வட்டாரம், ஒழுங்கை எந்த வீதியில் தொடங்கி எங்கே முடிகிறது, நீளம் எத்தனை மீற்றர், ஒடுங்கிய இடத்தில் அகலம் எத்தனை அடி. அடுத்து 14 வீடுகளின் சோலைவரி இலக்கங்கள். கையெழுத்துக்கு முன்னால் அந்த இலக்கம் இருந்தால் மனுவுக்குப் பெறுமதி கூடும், ஏனென்றால் வரி கட்டுகிறவரின் கடிதத்தை ‘யாரென்று தெரியவில்லை’ என்று ஒதுக்க முடியாது. படம் மூன்று போதும், மூன்றிலும் ஒரு அடிமட்டத்தையோ அளவு குறித்த தடியையோ தண்ணீருக்குள் நிறுத்தி எடுங்கள். வெள்ளம் நிற்கிறது என்று எல்லோரும் எழுதுவார்கள். 18 அங்குலம், ஆறு நாள் என்று எழுதுகிறவர் குறைவு.

‘ஒழுங்கையை உயர்த்தித் தாருங்கள்’ என்று கேட்காதீர்கள். கிறவல் கொட்டி உயர்த்தினால் வெள்ளம் உங்கள் படலைக்குள் வரும், அடுத்த வருடம் வீட்டுக்குள் வரும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தவுடன் கேட்கும் முதல் கேள்வி ‘தண்ணீர் எங்கே போகும்?’ என்பதுதான். அதற்குப் பதிலை நீங்களே வைத்திருங்கள்: பழைய வெள்ள வாய்க்கால் எது, எந்தக் குளத்துக்கு, எந்த மதகுக்கு ஓடியது, எந்த இடத்தில் அடைபட்டது. வலிகாமத்துச் சுண்ணக்கல் நிலம் தண்ணீரை உறிஞ்சும், ஆனால் கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் உறிஞ்சாது. அப்போது ஓடி வடிய வழி இருக்க வேண்டும். அந்த வழியில் பெரும்பாலும் யாரோ வேலியை அரக்கியிருப்பார்கள், அல்லது கீழே துவாரம் விடாமல் மதில் கட்டியிருப்பார்கள். அந்த யாரோ உங்கள் 14 வீட்டில் ஒன்றாகவும் இருக்கலாம். மனு எழுதுவதற்கு முன் அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அளக்க வருகிறவர் சண்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து மற்றதில் ‘கிடைக்கப்பெற்றது’ முத்திரையும் திகதியும் கையெழுத்தும் வாங்குங்கள். ‘வைத்துவிட்டுப் போங்கோ’ என்றால் போக வேண்டாம். அதுவும் முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். சபையின் பாதீடு ஜனவரியில் தொடங்கும் வருடத்துக்கானது, முந்திய டிசெம்பருக்குள் நிறைவேற வேண்டும். வெள்ளம் வந்த பிறகு, கார்த்திகையில் மனுக் கொடுத்தால் அடுத்த வருடத் திட்டம் ஏறக்குறைய எழுதப்பட்டிருக்கும். ஆடி, ஆவணிக்குள் கையில் சேருங்கள்.

இனி, பதிவேட்டில் உங்கள் ஒழுங்கை இல்லை என்று சொன்னால்? எங்கள் பகுதியில் அதிகம் சிக்குவது இதில்தான். முப்பது வருடமாக எல்லோரும் நடக்கிறார்கள், மின்கம்பம் நிற்கிறது, சபை விளக்கும் எரிகிறது. ஆனாலும் நிலம் தனியாருடையது. தனியார் கையொழுங்கையில் சபை பொதுப்பணத்தைச் செலவிட்டால் கணக்காய்வில் கேள்வி வரும், ஆதலால் சபைச் செயலாளர் கையெழுத்து வைக்க மாட்டார். எம்.பி. எத்தனை கடிதம் எழுதினாலும் அது மாறாது. உங்கள் காணி உறுதிகளை (காணிப் பத்திரங்களை) எடுத்து அட்டவணையில் எல்லைகளைப் பாருங்கள். ‘வடக்கு ஒழுங்கை’ என்று மட்டும் இருக்கிறதா, ‘வழி வாய்க்கால் பாத்தியதை’ (நடக்கவும் தண்ணீர் விடவும் உள்ள உரிமை) என்று இருக்கிறதா, அல்லது ஒழுங்கைத் துண்டு ஒருவருடைய காணியின் பரப்புக்குள்ளேயே அடங்கியிருக்கிறதா? ஒரே ஒழுங்கையில் மூன்று வீட்டு உறுதியில் மூன்று விதமாக இருக்கும். ஒழுங்கை தனியாருடையது என்று உறுதியானால், நில அளவையாளரைக் கொண்டு வரைபடம் கீற வேண்டும், நிலத்துக்குரிய எல்லோரும் அதைச் சபைக்கு எழுத்தில் கையளிக்க வேண்டும், சபை தீர்மானம் எடுக்க வேண்டும், வர்த்தமானியில் வர வேண்டும். ஒருவர் கனடாவில் இருந்தால், அவர் அங்குள்ள இலங்கை உயர் ஸ்தானிகராலயத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவத்தை (தனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தை) அனுப்பி, அதை இங்கே பதிவுசெய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் ‘எனக்குச் சம்மதம்’ என்று அனுப்பினால் காணாது. பதின்மூன்று பேர் கையெழுத்து வைத்து ஒருவர் வைக்காவிட்டால் முழு வேலையும் நிற்கும், எனவே அந்த ஒருவரிடமே முதலில் போங்கள்.

எம்.பி. தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவரால் செய்யக்கூடியவை சில உண்டு. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிலும் அவர் இருக்கிறார், அங்கே அதிகாரிகள் எல்லோரும் ஒரே மேசையில் இருப்பார்கள். உங்கள் சபைக் கடிதத்தின் திகதியைச் சொல்லி அவர் அங்கே கேட்டால், பதில் கூட்டக் குறிப்பில் ஏறும். பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் வேலைகளை அவர் முன்மொழியலாம். அந்தப் பணம் அவர் கைக்கு வருவதில்லை, கச்சேரி (மாவட்டச் செயலகம்) வழியாகத்தான் போகும். சிறிய வேலைகளைப் பெரும்பாலும் பதிவுள்ள கிராம அபிவிருத்திச் சங்கமோ சனசமூக நிலையமோ எடுத்துச் செய்யும், ஆதலால் உங்கள் சங்கத்தின் பதிவும் கணக்கறிக்கையும் புதுப்பித்து இருக்க வேண்டும். பாராளுமன்றத்தின் பொதுமனுக்கள் பற்றிய குழுவுக்கு மனுப் போடத்தான் எம்.பி. ஒருவர் கட்டாயம் வேண்டும், அது ஒழுங்கைக்கான வழியல்ல.

அவரைச் சந்திக்கப் போனால் ‘உதவி செய்யுங்கள்’ என்று கேட்காமல், ‘இந்தத் திகதியில் சபைக்குக் கொடுத்த இந்தக் கடிதத்தை அடுத்த ஒருங்கிணைப்புக் குழுவில் எடுக்க முடியுமா’ என்று கேளுங்கள். அமர்வு வாரங்களில் வழமையாகச் செவ்வாய் முதல் வெள்ளி வரை பாராளுமன்றம் கூடும், அந்த நாட்களில் ஊரில் தேடி அலைய வேண்டாம். பிறகு அவர் முகநூலில் ‘சுட்டிக்காட்டினேன்’, ‘பணிப்புரை விடுத்தேன்’ என்று போட்டால் கீழே நான்கு கேள்வி எழுதுங்கள்: எந்த வருட ஒதுக்கீடு, எந்த நிறுவனம் செய்யும், மதிப்பீட்டுத் தொகை என்ன, வேலை எப்போது தொடங்கும். தொகையும் நிறுவனமும் இல்லாத அறிவித்தல் ஒரு விருப்பம் மட்டுமே. பாராளுமன்றத்தில் பேசியதாகச் சொன்னால், அங்கு பேசப்படுபவற்றின் பதிவான ஹன்சாட் பாராளுமன்ற இணையத்தளத்தில் இருக்கிறது, திகதியைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த 15,000 ரூபா ஆளிடம் திரும்புவோம், ஏனென்றால் இப்படிப்பட்டவர்கள் ஒரு ஊரில் நிற்பதில்லை. ஒருவகையினர் மனு எழுதித் தருவதாகக் காசு வாங்குவார்கள், அதைச் சனசமூக நிலையத்தில் ஒரு உயர்தரப் பிள்ளை இலவசமாக எழுதித் தரும். இன்னொரு வகையினர் அலுவலகத்தில் ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட வேலைகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு வருவார்கள். வேலை எப்படியும் நடக்கும், நடந்தபின் ‘நான்தான் செய்வித்தேன்’ என்று வாங்குவார்கள், நடக்காவிட்டால் ‘மேலே தடுத்துவிட்டார்கள்’ என்பார்கள். ஆகப் பிழையானவர் வெற்றுத்தாளில் 14 பேரின் கையெழுத்தும் அடையாள அட்டை இலக்கமும் கேட்கிறவர். அந்தத் தாள் பிறகு என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியாது. எழுதி முடித்த பக்கத்தில் மட்டும், பக்க இலக்கத்துக்குக் கீழே ஒப்பமிடுங்கள். உத்தியோகத்தருக்கென்று காசு கேட்டால் அது இலஞ்சம், கொடுப்பவரும் குற்றவாளி. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்குச் சொல்லலாம். அதற்கு முன் எம்.பி.யின் அலுவலகத்துக்கே எழுதி, ‘இன்னார் உங்கள் ஆளா’ என்று கேளுங்கள். பெரும்பாலும் அதோடு அவர் உங்கள் ஒழுங்கைப் பக்கம் வரமாட்டார்.

சபையிலிருந்து ‘நிதி கிடைக்கும் பட்சத்தில் பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு கடிதம் வரும். அதை மறுப்பென்றே எடுங்கள், அடுத்த நாளே தகவல் அறியும் விண்ணப்பம் போடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இது உங்கள் உரிமை, காரணம் சொல்லத் தேவையில்லை. சபையின் தகவல் அலுவலருக்கு இப்படிக் கேளுங்கள்: இந்த ஒழுங்கை வீதிப் பதிவேட்டில் எந்த இலக்கத்தில் உள்ளது, எங்கள் கடிதத்தின் பேரில் மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா, ஆமெனில் பிரதி, இவ்வட்டாரத்தில் கடந்த இரண்டு வருடங்களில் வடிகானுக்கும் ஒழுங்கைகளுக்கும் செலவான தொகை, வேலை வாரியாக. ‘ஏன் செய்யவில்லை’ என்று எழுதாதீர்கள், அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலோ மறுத்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (மேன்முறையீட்டை விசாரிக்க நியமிக்கப்பட்டவர்) மேன்முறையீடு செய்யலாம், அவருக்கு மூன்று வாரம் உண்டு. அதுவும் தவறினால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். விண்ணப்பத்தின் பிரதி ஒன்றை உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கும் அனுப்பி, அனுப்பியதைச் சபைக்கான கடிதத்தின் கடைசி வரியிலேயே குறிப்பிடுங்கள்.